மெர்சி அண்ணன் துரத்திவிட்ட மாப்பிள்ளைத் தோழன்

சனிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு, மூலக்குளம் மருந்துக்கடையில் மெர்சி அண்ணன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எங்கள் கேடு அப்போது ஆரம்பித்தது. டாக்டர் சீட்டைத் திருத்துவதில் அவரைப் போல ஒரு மனிதர் புதுச்சேரியில் பிறந்ததில்லை; இனிமேல் பிறக்கவும் வேண்டாம்.

ஒரு பிளாஸ்திரி வாங்கினாலும், வில்லியனூர் ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி, நன்றிக்குப் பதில் பிரெஞ்சில் "மெர்சி!" என்று கத்துவார். பெயர் அப்படி வந்தது. ஆனால் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கமாட்டார். இருமல் மருந்து கேட்டால், "வெந்நி குடி" என்பார். சத்து மாத்திரை கேட்டால், "கீரைக்காரம்மா ஊரை விட்டா போயிட்டாங்க?" என்பார். மருந்து விற்கப் பிடிக்காத மருந்துக்கடைக்காரர்! தெருவே கொண்டாடியது. நானுந்தான்.

என் மகள் யாழினிக்குக் காதில் சீழ். டாக்டர் எழுதியது இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. அண்ணன் அதை ஒதுக்கிவிட்டு, அதில் ஒன்றான அமாக்சிசிலினை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"கூட இருக்கிறது ஒரு கிருமியையும் கொல்லாது தங்கச்சி. சும்மா மாப்பிள்ளைத் தோழன். பந்தியில தின்னுட்டு, பாப்பா வயித்தைக் கலக்கிட்டுப் போவான்."

"டாக்டர் எழுதியிருக்காரேண்ணே?"

"எழுதுவாரு. வயித்தால போனா அவரா வந்து கழுவுவாரு?"

செவ்வாய்க்கிழமை காதுக்குப் பின்னால் வீங்கி, மடல் முன்னால் தள்ளி நின்றது. "அம்மா, இந்தப் பக்கம் பேசாத, கேக்கல" என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு மேசையில் ஓங்கித் தட்டினார்.

"இந்தக் கிருமி ஒரு என்சைம் விடுதும்மா. தனி மருந்து போனா அது உடைச்சுப் போட்டுடும். கூட இருக்கிறது அந்த என்சைமைப் பிடிச்சு முடக்கும். அப்பத்தான் மருந்து முழுசாப் போய்க் கிருமியை அடிக்கும். அதை எவன் கழட்டிவிட்டான்?"

அங்கிருந்தே போன் போட்டேன்.

"யோவ் அண்ணே! உன் தோழன் யாரையும் கொல்ல வரலய்யா. மாப்பிள்ளையை வெட்ட வர்றவன் கையைப் பிடிக்க வந்தான்! அவனைப் பந்தியிலேருந்து எழுப்பித் துரத்திட்டியே! எம் பொண்ணு காது போச்சுன்னா..."

மீதியைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது.

ஊசி வழியாக அதே ஜோடி மருந்து ஏறியது. வீக்கம் வடிந்தது. என் கோபம்தான் வடியவில்லை. டாக்டர் சீட்டென்ன பள்ளிக்கூடத்துக் கட்டுரையா, இவர் அடித்துத் திருத்த?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். திட்ட வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கட்டிலோரம் குனிந்து, அந்தக் காதருகே மெல்லக் கேட்டார்:

"பாப்பா... மாமா பேசறது கேக்குதா?"

"கேக்குது மாமா."

ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் உட்காரவில்லை. "மெர்சி" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. உதடு அசைந்ததில்தான் தெரிந்தது.