சாவியக்கா காட்டிய மாடி

வீட்டுச் சொந்தக்காரர்களை நடுங்க வைத்த வீட்டு புரோக்கர் இந்த உலகத்தில் ஒருத்திதான் உண்டு: நாகர்கோவில் சாவியக்கா. ஊரிலுள்ள காலி வீட்டுச் சாவியெல்லாம் அவள் இடுப்பில்தான் தொங்கும். ஸ்கூட்டரை விட்டு இறங்கினாலும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள். கேட்டால், "நான் பேசுத பேச்சுக்கு எப்ப அடி விழும்னு ஆருக்குத் தெரியும் மக்கா?" என்பாள்.

வாடகைக்கு வருகிறவர்களை வீட்டுக்காரர்கள் குடைவது ஊர் வழக்கம். சாவியக்கா வீட்டுக்காரர்களைக் குடைவாள். வடசேரியில் ஒரு பெரியவர், வயதான தம்பதிக்கு வீடு தர மறுத்தார். "வயசாளிய வேண்டாம். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" அவருக்கே எழுபத்தாறு. சாவியக்கா ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்: "செரி அண்ணாச்சி. அப்போ நீங்க எப்ப காலி பண்ணுகியோ?"

அப்படிப்பட்டவளிடம்தான் நான் போய்ச் சேர்ந்தேன். கல்லூரி வேலை கிடைத்து மதுரையிலிருந்து வந்திருந்தேன்; விவாகரத்தானவள். ஏழு வீடுகள் என்னை வாசலோடு அனுப்பிவிட்டன. எட்டாவது வீட்டுக்குச் சாவியக்காவே கூட்டிப்போனாள். கீழே வீட்டுக்கார அம்மாள், மாடி காலி.

"தனியா பொம்பளைக்குக் குடுக்கதில்ல," என்றார் அம்மாள். "மீன் வைக்கப்பிடாது. வேற மதக்காரங்க வேண்டாம். அது செரி, இவங்க என்ன ஆளுக?"

சாவியக்கா எல்லாவற்றையும் நோட்டில் நிதானமாக எழுதிக்கொண்டாள்.

"மாடி எத்தன மாசமா பூட்டிக் கெடக்குக்கா?"

"எட்டு மாசம்."

"கெடக்கும். நீங்க சொன்ன ஆளயெல்லாம் கழிச்சா மிச்சம் ஒருத்தருமில்ல. நீங்களே வந்து கேட்டாலும் உங்களுக்குக் கெடையாது. உங்க வீட்டு அண்ணாச்சி போனப்பெறவு நீங்களும் தனிப் பொம்பளதான?"

அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. இனி ஒன்பதாவது வீடுதான் என்று நான் செருப்பை மாட்டினேன். சாவியக்கா அசையவில்லை. அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்க மகளுக்கும் இந்த வயசுதான் இருக்கும். மாடில நல்லா காத்து வரும். ஏறிப் பாரும்மா."

மறுநாளே பால் காய்ச்சினோம். இரண்டு வாரம் பயந்து பயந்து சாம்பார் வைத்தேன். மூன்றாவது வாரம் பொறுக்கமுடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு சாளை மீன் குழம்பு வைத்தேன். படியில் காலடிச் சத்தம். திறந்தால், அம்மாள் கையில் கிண்ணம்.

"ஏட்டி, சாளையா? மாங்கா போட்டியா?"

பால் காய்ச்சிய அன்று சாவியக்கா ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "ஆராவது என்னமும் கேட்டா எனக்கு ஒரு போன் போடு மக்கா." நாலு வருடமாக என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையானால் அவளுக்குப் போன் போட்டுவிடுகிறேன்.