பின்வாங்காத வண்டி

வீட்டில் கார் இரண்டு, கொட்டகை ஒன்று. ஏதாவது ஒன்றை விற்றாக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டாள். எதை என்பதில்தான் தகராறு.

கட்டட வரைபடம் போடுகிறவருக்குத் தம்முடைய அறுபது வருஷத்துப் பழைய குட்டிக் கார்தான் உயிர். மூன்று சக்கரம், ஒரே கதவு. அந்தக் கதவும் அலமாரி மாதிரி முகப்பில்தான் திறக்கும். ரிவர்ஸ் கிடையாது என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். பின்னால் போக வேண்டுமென்றால் இறங்கித் தள்ளுவார். உடைந்துவிடுமோ என்று சாவியைக்கூடப் பாதிதான் நுழைப்பார். வண்டி தேயக்கூடாதென்று ஆபீசுக்குப் பஸ்ஸில் போவார்.

மனைவியின் புதுச் சின்னக் காருக்கு ஐந்து கதவு, பின்னால் கேமரா, பெல்ட் போடாவிட்டால் கத்துவதற்கு ஒரு குரல். "கத்துறதுக்கு வீட்ல ஆள் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு, இரண்டு நாள் தாமே சமைத்துச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார்கள். மாமனார் நடுவர். பெண்ணைப் பெற்றவர்தான் என்றாலும் நியாயஸ்தர். எதையும் நோட்டில் குறித்துக்கொண்டுதான் பேசுவார். சந்தில் திரும்பியதற்குக் குட்டிக்கு மார்க். மேடு ஏறியதற்குப் புதுசுக்கு. பெட்ரோல் குட்டிக்கு, ஒழுகாத கூரை புதுசுக்கு. போன மழையில் ஒழுகிய கூரைத் திறப்பின் மேல் வரைபடக்காரர் தம் கையாலேயே தகரம் அடித்திருந்தார். அதற்கு மார்க் கிடைக்கவில்லை.

சரிக்குச் சரி. கொட்டகையில் அதிக இடம் மிச்சம் வைப்பது யார் என்பதுதான் கடைசிப் பரீட்சை. மாமனாரும் குட்டிக்குள் ஏறிக்கொண்டார்.

"இன்னும் நாலு விரக்கடை இருக்கு, வாங்க," என்றாள் மனைவி. அவள் குரலில் அப்படியொரு கனிவைக் கேட்டுப் பல வருஷம் ஆயிற்று. வந்தார். முகப்பு சுவரைத் தொட்டது.

"ஜெயிச்சாச்சு மாமா," என்று கதவைத் தள்ளினார். கதவு சுவரைத் தள்ளியது. சுவர் அசையவில்லை.

ஜன்னலில் தலை போயிற்று, தோள் போகவில்லை. கூரையைக் குத்திப் பார்த்தார். அவர் அடித்த ஆணி, நன்றாகத்தான் அடித்திருந்தார். இருவரும் உட்கார்ந்தபடியே ஆட்டிப் பார்த்தார்கள். தரைச் சரிவில் வண்டி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. மனைவி வெளியிலிருந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடறேன். ஆனா ஏறினா இறங்க முடியாத வண்டி நமக்கு எதுக்கு?"

வரைபடக்காரர் மறுபடியும் கதவைத் தள்ளிப் பார்த்தார். அப்போதுதான் மாமனார் அவர் காதோரம் குனிந்தார்.

"மாப்ளே, எனக்குச் சர்க்கரை இருக்கு. ரொம்ப நேரம் அடக்க முடியாது. இந்த சீட்டு நீங்களே தெச்சதா?"

மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த சீட்டு அது. விற்கச் சம்மதம் என்று நடுவரின் நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியாக நீட்டினார். கண் கலங்கிவிட்டது.

பத்தே நிமிஷத்தில் மெக்கானிக் வந்தார். எஞ்சினை நிறுத்தி, சாவியை முழுக்க உள்ளே அழுத்தித் திருப்பச் சொன்னார். எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுழல, வண்டி சாதுவாகப் பின்னால் நகர்ந்தது. கதவு திறந்தது. இறங்கிய மாமனார் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. புதுக் காரின் முன் சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டார்.

"ஆறு வருஷமா எனக்கு இது தெரியாதே," என்றார் வரைபடக்காரர்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "வீட்ல சொல்லலையா சார்? போன வாரம் அம்மாவும் பெரியவரும் இந்த வண்டியிலேயே வந்து கத்துக்கிட்டுப் போனாங்களே."