ஆடு வராத படம்

நான் ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால் எங்கள் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடும் பார்க்கும். லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில், தண்ணீர் வராத நேரங்களுக்குக் கீழே, திங்கட்கிழமைதோறும் என் பட்டியல் தொங்கும். 'பார்த்தே தீர வேண்டிய படங்கள்.' பழைய கறுப்பு வெள்ளை இரண்டு, வெளிநாட்டுப் படம் ஒன்று. என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களையும் விடுவதில்லை. எழுத்து தெரிகிறதா என்று கேட்பதற்கு முன்பே என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்பேன்.

உங்களிடம் மட்டும் ஒரு ரகசியம் சொல்கிறேன். நான் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சரிசெய்கிற எனக்கு, படம் ஆரம்பித்த ஏழாவது நிமிடம் கண் சொருகிவிடும். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, பெயர் போடும்போது உட்காருவேன். 'முற்றும்' போடும்போது எழுந்திருப்பேன். நடுவில் உள்ளதை என் மனைவி பார்ப்பாள். ஞாயிறு காலையில் துணி மடித்துக்கொண்டே கதை சொல்வாள். அதைக் கொஞ்சம் கரடுமுரடான தமிழில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக்கொள்வேன். எட்டு வருடமாக இப்படித்தான் நான் மேதை.

போன பட்டியலில் கை சும்மா இராமல் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: 'சீரியல் பார்க்கும் மனைவிமார்களுக்கு இப்படங்கள் புரியா.'

அவள் பலகை முன் நின்று அதை இரண்டு தரம் படித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மடையன், நிம்மதியடைந்தேன்.

அந்த வாரம் சங்கச் செயலாளர் என்னைப் படிக்கட்டில் மடக்கினார்.

"சார், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு சங்க ஹால்ல ஒரு வெளிநாட்டுப் படம் போடறோம். நீங்கதான் முன்னுரை. நல்லா அமைஞ்சா, புதுசா ஆரம்பிக்கிற சினிமாக் குழுவுக்கு உங்களையே தலைவராப் போட்டுடலாம்."

தலைவர்! சனிக்கிழமையே அந்தப் படத்தை வரவழைத்து, வீட்டில் போட்டு, முறைப்படி தூங்கினேன். மறுநாள் காலை துணிக்குவியல் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா கதை?"

"எனக்கு எப்படிங்க புரியும்? நான் சீரியல் பாக்கறவளாச்சே."

"அது சும்மா எழுதினது. சொல்லு தாயே."

"ஒரு கடிகார ரிப்பேர்காரரு."

"சரி."

"அவர்கிட்ட ஒரு ஆடு."

"ஆடா?"

"ஆடுதாங்க படமே. அது பேசும்."

"என்ன பாஷை?"

"அந்த ஊர் பாஷைதான். கடைசியில கடிகாரத்தை முழுங்கிட்டுச் செத்துப்போகும். செத்தப்புறமும் வயித்துக்குள்ள டிக் டிக்குனு ஓடும்."

எனக்குப் புல்லரித்தது. "ஆகா! என்ன ஒரு குறியீடு!"

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று தலையணை உறையை உதறினாள்.

ஹாலில் நாற்பது நிமிடம் ஆட்டைப் பற்றியே பேசினேன். "ஆடுதான் காலம். காலம்தான் ஆடு. அது வரும்வரை யாரும் கண் இமைக்காதீர்கள்!" கைதட்டல். விளக்கை அணைத்தார்கள். ஒருவரும் இமைக்கவில்லை. முன்வரிசையில், ஏழாவது நிமிடம், நான் மட்டும் இமைத்தேன்.

யாரோ தோளை உலுக்கினார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹால் முழுதும் என்னையே பார்த்தது.

"சார், ஆடு எங்க?" என்றார் செயலாளர்.

"அது செத்தப்போ என்னால தாங்க முடியலை சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆடே வரலையே! ரெண்டு மணி நேரம் ஒருத்தர்கூட பாத்ரூம் போகாம உக்காந்திருந்தோம்."

இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா எழுந்தார். "கொடியில காஞ்ச கம்பளியை ஆடுன்னு நினைச்சு நான் கத்தியே தொலைச்சேன்."

"வராம இருக்கிறதுதான் அந்த ஆட்டோட சிறப்பே" என்று ஒரு கடைசி முயற்சி செய்தேன்.

"உங்ககிட்டேருந்து குறட்டை வந்துதே, அதுவும் சிறப்புதானா?" என்றார் டாக்டரம்மா.

அப்போது கடைசி வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள்.

"ஆடெல்லாம் இல்லைங்க. பொண்டாட்டி பேச்சைக் காதுல வாங்காத ஒரு கடிகாரக்காரரு. அவ போனப்புறம் அலமாரியைத் திறக்கிறாரு. துணி மடிப்புக்குள்ள எல்லாம் அவருக்குன்னு அவ எழுதிவச்ச சீட்டு. ஒண்ணொண்ணாப் படிக்கிறாரு. அவ்வளவுதாங்க படம்."

பல் டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். எட்டு வருடமாக அவள் சொன்ன கதைகளில் ஒன்றுக்காவது நான் நன்றி சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

அங்கேயே அவளைத் தலைவியாக்கினார்கள். என்னைக் குழுவிலிருந்தே துரத்துவார்கள் என்று நினைத்தேன். துரத்தவில்லை. முன்வரிசையில் எனக்கென்று ஒரு நாற்காலி. பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு செயலாளர்.

இப்போது பலகையில் தொங்குவது அவள் பட்டியல். இந்த வாரப் படத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'தவறாமல் பாருங்கள். என் வீட்டுக்காரரே பதினொரு நிமிடம் விழித்திருந்தார்.'