நான் கடைசியாக வேண்டாமென்ற ஊர்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் உப்பளத்தில் மழையின் முதல் சொட்டு விழுந்தது. மூன்றரைக்கு நாங்கள் நான்கு பேரும் காருக்குள் இருந்தோம். பைகள் டிக்கியில் இருந்தன. புளிசாதம், முறுக்கு, தண்ணீர் பாட்டில், வாந்தி மாத்திரை எல்லாம் இருந்தன. எந்த ஊருக்குப் போகிறோம் என்பது மட்டும் முடிவாகியிருக்கவில்லை.

(சிரிக்காதீர்கள். நான் எம்.காம்.)

மழை வந்ததும் சுற்றுலா கிளம்புகிற ஜனங்கள் உண்டா என்று கேட்பவர்கள் மரக்காணம் பக்கம் வந்ததில்லை. ஊர் உலகமெல்லாம் மே மாதம் மலைக்கு ஓடும்போதுதான் எங்கள் பாத்திகளில் உப்பு விளையும். வெயில் எவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு நல்லது. அந்த நேரத்தில் ஊட்டிக்குப் போகிறேன் என்று ஓர் உப்பளத்துக்காரர் சொன்னால், அவருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஐப்பசியில் வானம் உடைந்து, பாத்தியில் மழைத் தண்ணீர் ஏறி, இந்த வருஷத்து உப்பு இவ்வளவுதான் என்று ஆனபிறகுதான் எங்களுக்கு லீவு. ஆகவே பையைக் கட்டி வைத்துக்கொண்டு மழைக்காகக் காத்திருப்போம். மழை வந்ததும் மழையைப் பார்க்க இன்னொரு ஊருக்குக் கிளம்புவோம். கிளம்புவோம் என்று சொல்வோம். போனதில்லை.

போகாததற்குக் காரணம் மழையில்லை. நான்தான்.

என் மகள் யாழினி ஆறாம் வகுப்பிலிருந்து வருஷா வருஷம் ஓர் ஊரைச் சொல்வாள். நான் அந்த ஊரில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தனித்திறமை உண்டு. அந்த வருஷம் அவள் பிளஸ் டூ. தீபாவளி லீவுக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“அடுத்த வருஷம் நான் காலேஜு, ஹாஸ்டலுன்னு போயிடுவேன்மா. இந்த ஒரு வாட்டியாவது எல்லாரும் சேர்ந்து எங்கயாச்சும் போலாம். கொடைக்கானல் போலாம்.”

“அங்க பள்ளத்தாக்கு இருக்குது.”

“மலைன்னா பள்ளத்தாக்கு இருக்கும்மா.”

“அதான் சொல்றேன்.”

“சரி, ஏற்காடு?”

“வளைவு வளைவா போவும். எதிர்ல லாரி வரும்.”

“ராமேஸ்வரம்?”

“கடல் மேல பாலம்.”

“மகாபலிபுரம்? இதோ, பக்கத்துல இருக்குது.”

“அலை ஜாஸ்தி. கடல் கிட்டலாம் வேணாம்.”

“அம்மா, நம்ம வீட்லேர்ந்து பார்த்தாலே கடல் தெரியுது!”

“இது நமக்குத் தெரிஞ்ச கடல்.”

(இதைச் சொன்னபோது நான் முகத்தை மிகவும் சீரியஸாக வைத்திருந்தேன் என்று என் தம்பி செந்தில் இன்றும் நடித்துக் காட்டுகிறான்.)

செந்திலுக்குக் கிளியனூரில் நிலம். அதைவிட முக்கியமாக ஒரு கார். அதனால் எங்கள் சுற்றுலாவுக்கு அவன் தவிர்க்க முடியாத தலைவன். அவனுக்குக் குற்றாலம் போக வேண்டும். என் கணவருக்குப் பாண்டிச்சேரி. துணி எடுக்கவும் பல் பிடுங்கவும் நாங்கள் மாசத்துக்கு இரண்டு முறை போகிற அதே பாண்டிச்சேரி. காரணம் கேட்டால், “முதல் மழையை நம்ப முடியாது. திடீர்னு வெயில் அடிச்சா ஓடி வந்து இன்னும் ஒரு வாட்டி உப்பு வாரிடலாம்” என்பார். குடும்பத்தோடு இருக்கும்போதும் கண் வானத்தில்தான் இருக்கும். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதே மண்டபத்து ஜன்னல் வழியாக மேகம் பார்த்த மனிதர்.

நான் தேர்ந்தெடுத்தது வேலூர்.

“சுத்திப் பாக்க வேலூரா?” என்றாள் யாழினி.

“கோட்டை இருக்குது.”

“ஆஸ்பத்திரி இருக்குதுன்னு சொல்லுக்கா” என்றான் செந்தில்.

உண்மைதான். எந்த ஊரின் பெயரைக் கேட்டாலும் நான் முதலில் போனில் தேடுவது அங்கே நல்ல ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டரில் என்பதைத்தான். அப்படிப் பார்த்தால் வேலூரை அடித்துக்கொள்ள ஊர் ஏது?

சண்டை வேண்டாம் என்று நான் ஒரு பெரிய ராஜதந்திரம் செய்தேன். ஒவ்வொருவரும் தனியாக வந்து கேட்டபோது ஒவ்வொருவரிடமும் தலையாட்டிவிட்டேன். கிளம்பும் நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிளம்பும் நேரம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் வந்ததே இல்லை என்ற அனுபவத்தில்தான் இவ்வளவு தைரியம்.

அன்றைக்கு வந்துவிட்டது. மழை பிடித்ததும் இவர் உப்புக் குவியல்கள் மேல் கீற்று சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு ஓடிவந்தார். செந்தில் ஹாரன் அடித்தான். ஏறினோம். மழையில் நனைந்து கெட்டுவிடும் என்று எல்லார் போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். (இந்த முன்ஜாக்கிரதையை மறந்துவிடாதீர்கள். நான் மறக்க முடியாமல் கிடக்கிறேன்.)

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரோடு பிரிகிற இடத்தில் செந்தில் காரை ஓரங்கட்டினான்.

“அக்கா, லெஃப்டா, ரைட்டா, நேராவா?”

மூன்று பேர் மூன்று பதில் சொன்னோம். அப்போதுதான் பார்த்தேன். யாழினி சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, கழுத்து வரை பட்டனும் போட்டுக்கொண்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தாள். மரக்காணத்தில் ஸ்வெட்டர்! எங்கே வாங்கினாள் என்றே தெரியவில்லை. செந்திலின் மடியில் குற்றாலத்தில் தேய்த்துக் குளிக்க ஒரு பாட்டில் நல்லெண்ணெய். இவரிடம் பையே இல்லை, சட்டைப் பையில் ஒரு டூத் பிரஷ் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. என் மடியிலோ எல்லாருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளும்.

“அக்கா, குத்தாலம்னு தலையாட்டினியே!”

“எனக்குப் பாண்டின்னு ஆட்டினா.”

“அம்மா, எனக்குக் கொடைக்கானல்னு ஆட்டினீங்க.”

இப்படி மாட்டிக்கொண்ட நேரத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன செய்வாள்? மன்னிப்புக் கேட்பாள். நான் மண்சரிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். மலைப்பாதையில் மண் எப்படி இளகும், பாறை எப்படி உருளும், அருவியில் வெள்ளம் எப்படிச் சொல்லாமல் வரும் என்று விளக்கினேன். நடுவில் இவர் கண்ணாடியை இறக்கி மேற்கே பார்த்து, “வெளுக்குது. இது நிக்காது போல. வீட்டுக்கே போயிடலாமா?” என்றார். செந்தில் அவரிடம் பாய்ந்தான். நான் செந்திலிடம் பாய்ந்தேன்.

“யாராவது ஒரு ஊர் பேரைச் சொல்லுங்களேன்” என்று பின்னாலிருந்து யாழினி சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதற்குள் வெள்ளம் முடிந்து மின்னலுக்கு வந்திருந்தேன்.

பேசி முடித்துத் திரும்பினால் அவள் இல்லை. கார்க் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது. சீட்டில் ஈரம் மட்டும்.

முதலில் பாத்ரூம் போயிருப்பாள் என்றோம். அப்புறம் டீக்கடை. அப்புறம் போன் அடிக்கலாம் என்று அடித்தோம். என் கைப்பைக்குள் பிளாஸ்டிக் கவரில் அவள் போன் பத்திரமாக, கொஞ்சம்கூட நனையாமல், அடித்தது.

பஸ் ஸ்டாண்டில் தார்ப்பாய்க்குக் கீழே பூ விற்கிற அம்மா ஒருவர் சொன்னார். “ஸ்வெட்டரு போட்டுக்குனு ஒரு பொண்ணா? நானே நினைச்சேன், இந்த ஊர்ல இன்னாடா ஸ்வெட்டருன்னு. பஸ்ல ஏறுச்சு.”

“எந்த பஸ்ஸு?”

“மூணு பஸ்ஸு ஒண்ணா வந்துச்சு, ஒண்ணா போச்சு. நான் பூவைப் பாக்கறதா, போர்டைப் பாக்கறதா?”

மூன்று பஸ். ஒன்று பாண்டிக்கு, ஒன்று சென்னைக்கு, ஒன்று திண்டிவனத்துக்கு.

“திண்டிவனம் போய்ப் பாக்கலாம்” என்றார் இவர்.

“திண்டிவனத்துல என்ன இருக்குது? அங்க எதுக்குப் போவா?” என்று நான் கத்தினேன். அந்த ஒரு மாதத்தில் நான் வேண்டாமென்று தள்ளிய ஊர்களில் கடைசி ஊர் திண்டிவனம். (எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, “ஏங்க்கா, திண்டிவனத்துல என்னக்கா இருக்குது?” என்று யாராவது கேட்காமல் இலை எடுப்பதில்லை.)

பாண்டி பஸ்ஸைத் துரத்தினோம். எங்கள் வாழ்க்கையின் முதல் குடும்பச் சுற்றுலா உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் பிடித்து, செந்தில் காரைக் குறுக்கே நிறுத்த, நான் ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் முக்காட்டையும் தூக்கிப் பார்த்தேன். பஸ் முழுவதிலும் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் இருந்தது. அதற்குள் ஒரு கைக்குழந்தை இருந்தது.

“யாரும்மா நீங்க, செக்கிங்கா?” என்றார் கண்டக்டர்.

“என் பொண்ணு...”

“ஏறினா டிக்கெட் எடுங்க. இல்லன்னா இறங்குங்க. வண்டி லேட்டாவுது.”

இறங்கி, திரும்பி, சென்னை பக்கம் ஓட்டினோம். ஊரைத் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். மழையில் பாத்திகளெல்லாம் ஒரே சாம்பல் நிறத் தண்ணீராகிக் கிடந்தன. எது வரப்பு, எது வானம் என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு வரப்பின் மேல் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நின்றிருந்தது. அசையவில்லை.

“நிறுத்துடா!”

கார் முழுசாக நிற்கும் முன்பே இறங்கி ஓடினேன். எங்கள் தண்ணீரைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு குழந்தைகூட அதில் முழுகாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வரப்பு வழுக்கியது. ஒரு கால் பாத்திக்குள் முட்டி வரை இறங்கியது. எடுப்பதற்குள் இன்னொரு கால். அப்படியே குப்புற விழுந்தேன். வாயெல்லாம் உப்புச் சேறு.

பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. “ஏய் கலா! அது நம்ம பாத்தி இல்ல! கலக்காத, ஏறி வா!”

சிவப்பாக நின்றது ஒரு பிளாஸ்டிக் டிரம்.

திட்டுவதற்காகத் திரும்பினேன். அவர் முட்டி வரை சேற்றோடு எனக்குப் பின்னாலேயே வந்திருந்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். மேற்கே நன்றாக வெளுத்து, மேகத்துக்கு நடுவே வெயில்கூட ஒரு கீற்று விழுந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாத்தி பாத்தியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வானத்தை மறந்து நான் பார்த்ததில்லை.

சென்னை பஸ் எங்கேயோ போய்விட்டிருந்தது. மறுபடியும் பஸ் ஸ்டாண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம், போட்டோ கேட்பார்கள் என்றான் செந்தில். போனை எடுத்துப் படங்களைத் தள்ளினேன். யாழினி யூனிபார்மில், யாழினி பட்டுப் பாவாடையில், யாழினி கப் வாங்கிய நாளில். எல்லாப் படத்திலும் பின்னால் எங்கள் வீட்டு நீலக் கதவு. இல்லாவிட்டால் உப்புக் குவியல். பதினேழு வயசுப் பெண்ணின் பின்னால் வேறு ஓர் ஊர், ஒரு மரம், ஒரு சிலைகூட இல்லை. எந்த ஆபத்தும் நெருங்காமல் எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! போலீஸுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று தெரியாமல் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். முகத்துச் சேறு கண்ணீரில் கரைந்து வழிந்ததாம். பக்கத்திலிருந்தவர் இரக்கப்பட்டு, “உப்பள வேலையாம்மா? மழையிலயுமா வேலை வாங்கறாங்க, பாவிங்க” என்றார். உப்பளத்துப் பாவி எனக்குப் பக்கத்தில்தான் எண்ணெய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செந்தில் அதை அவரிடம் எப்போது கொடுத்தான் என்று அவருக்கே தெரியாது.

(இன்றும் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் நான் திரும்பித் தலையை எண்ணுகிறேன். காரில் நானும் இவரும் மட்டும் இருந்தாலும் எண்ணுகிறேன். ஒருமுறை தப்பாகக்கூட வந்தது.)

வேறு வழியில்லை, ஸ்டேஷனுக்கே போவோம் என்று விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்தபோது ஒரு டவுன் பஸ் உள்ளே திரும்பியது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். முன் கண்ணாடியில் திண்டிவனம் - மரக்காணம் என்று போட்டிருந்தது. கூட்டத்தோடு கூட்டமாகச் சிவப்பு ஸ்வெட்டர் இறங்கியது. இப்போது பட்டன்கள் எல்லாம் திறந்திருந்தன. கையில் எண்ணெய் ஊறிய ஒரு வடைப் பொட்டலம், தலையில் யாரோ பக்கத்து சீட்டுக்காரி வைத்துவிட்ட மல்லிகை. முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு.

ஓடிப்போய் இரண்டு தோளையும் பிடித்தேன். அடிக்கவா, கட்டிக்கொள்ளவா என்று அதிலும் எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. இவர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யாழினி முதலில் என் சேற்றைப் பார்த்தாள். அப்புறம் அவள் அப்பாவின் கையிலிருந்த நல்லெண்ணெயை. அப்புறம், அவள் இறங்கிப் போன அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நின்றிருந்த செந்திலின் காரை. வாயிலிருந்த வடையை மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்:

“நான் போயிட்டே வந்துட்டேன். நீங்க இன்னும் ஊர் முடிவு பண்ணலையா?”