அச்சுக்குத்து அண்ணாச்சியும் பட்டினிப் பாம்பும்

குழித்துறையில் அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகள் தவழுவதற்கு முன்பே ஓடக் கற்றுக்கொண்டன. ஆற்றுத் தண்ணீரின் மகிமை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். எல்லாம் அச்சுக்குத்து அண்ணாச்சியின் மகிமை.

அம்மை வராமலிருக்கக் கையில் குத்துவதற்கு எங்கள் பக்கத்தில் அச்சுக்குத்து என்று பெயர். சர்க்கார் அந்த வேலைக்கு அனுப்பிய மனிதருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கேட்கிற தூரத்தில் யாரும் நின்றதில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, கறுப்புக் குடை, தோள்பைக்குள் ஒரு தகரப்பெட்டி. குடையின் நுனி தெருமுனையில் தெரிந்தால் போதும், தாய்மார்கள் பிள்ளைகளை நெல் பத்தாயத்துக்குள் இறக்கி மூடிவிட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அவர் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண், பெண்ணின் தகப்பனார், பலகாரம் சுட வந்தவள் எல்லோரும் பின்வாசல் வழியாகப் போய்விட, அண்ணாச்சி முந்திரிக்கொத்தை மட்டும் தனியாகத் தின்றுவிட்டு வந்தார் என்றொரு பேச்சு உண்டு.

அப்பேர்ப்பட்டவரோடு நான் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் குடியிருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. எஸ்தராள் அக்காவின் வீட்டில் முன்னறை எனக்கு, அடுத்த அறை அவருக்கு. இதில் ஒரு சின்னச் சிக்கல் என்னவென்றால், என் கையில் அச்சு கிடையாது. சின்ன வயதில் வைக்கோல்போருக்குள் ஒளிந்து தப்பியவன் நான். பெரியவனான பிறகும் ஊசி என்றால் அதே வைக்கோல்போரைத்தான் மனம் தேடும். ஒருநாள் அண்ணாச்சி எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியது. முதலில் குதித்தவர் வாத்தியார்.

அண்ணாச்சி லேசில் விடுகிற ஆள் இல்லை.

"மக்கா, களியக்காவிளச் சந்தையில வைசூரி கண்டிருக்குன்னு சொல்லுதாவ. ஒரு தடவ கையக் காட்டு. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"எனக்கு எறும்புன்னாலும் பேடிதான் அண்ணாச்சி."

சாப்பிடும்போது கேட்டார். குளிக்கும்போது கேட்டார். சவரம் செய்யும்போது சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றார். கத்தி என் கையில் இருந்ததால் அன்று பிழைத்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை குலசேகரம் பக்கம் போய்த் திரும்பியவர், தோள்பையை என் கட்டில்மேல் வைத்தார். பை தானாக நகர்ந்தது. பையின் வாயிலிருந்து ஒரு தலை வந்தது. பிறகு நடந்தது எனக்கு ஞாபகமில்லை. நான் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்ததாக எஸ்தராள் அக்கா பின்னால் சொன்னாள்.

"பேடிக்காத மக்கா. மலைப்பாம்பாக்கும். வெஷம் கெடையாது. செறுசு."

செறுசுதான். ஒன்றரை முழ நீளம், என் மணிக்கட்டைவிடக் கனம் குறைவு. அண்ணாச்சியின் முழங்கையில் சுற்றிக்கொண்டு ஊரையே விலைக்கு வாங்கியதுபோலப் பார்த்தது.

"இத எதுக்கு அண்ணாச்சி கொண்டுவந்திய?"

"ரப்பர்த் தோட்டத்துல குத்தப் போனேன். ஆளு அம்புட்டும் ஓடிட்டு. ஒரு கட்டைக்க அடியில இவன் மட்டும் கெடந்தான். கைய நீட்டினேன், பையப் பைய ஏறிவந்து சுத்திக்கிட்டான். நான் இந்த உத்தியோகத்துக்கு வந்தப்பொறவு என்னக் கண்டு ஓடாதவன் இவன் ஒருத்தன்தான், கேட்டியா?"

ஒரு பழைய மரப்பெட்டியில் துளை போட்டு, மணல் பரப்பி, தண்ணீர்ச் சட்டி வைத்துக் குடிவைத்தார்.

குடிவந்தவன் சாப்பிடவில்லை. முதல் வாரம் முழுக்கப் பட்டினி. எஸ்தராள் அக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. "நான் ஏசுவக் கும்பிடுற வேதக்காரி சாரே. பாம்புக்குப் பாலு வைக்கப்படாது. ஆனா நமக்க வீட்டுக்கு வந்தவன் பட்டினி கெடக்கவும் படாதே" என்றாள். பார்க்காமல் வைத்தால் பாவத்தில் சேராது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சிரட்டைப் பாலைப் பெட்டிக்குள் வைத்தாள். பாம்பு அதைக் குடிக்கவில்லை. அதில் படுத்துப் புரண்டது. பாலுக்கு எறும்பு வந்ததுதான் மிச்சம். முட்டை வைத்தோம், உருட்டி விளையாடியது. என் பங்குச் சாளைமீன் குழம்பில் ஒரு துண்டு வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. "புளி கூடிப்போச்சோ?" என்று அக்கா கவலைப்பட்டாள்.

அண்ணாச்சி மலைக்குப் போய் அங்கே குடியிருக்கும் பழங்குடிக் காணிக்காரர் ஒருவரிடம் கேட்டுவந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"எலிதான் திம்பான். செத்த எலி. சூடு ஆறப்படாது. நாம மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கப்படாது. தின்னப்பொறவு நாலு நாளு தொடப்படாது, கக்கிருவான். தூக்கும்போ தலைக்கு மேலருந்து கையக் கொண்டு போகாத, பருந்துன்னு நெனைப்பான். பக்கத்துலருந்து வயித்துக்கடியில கையக் குடு. பிடிக்கப்படாது, தாங்கணும். நீ ஒரு மரக்கொம்புன்னு நெனச்சுக்கோ."

நான் மரக்கொம்பாக நின்றேன். காற்றில்லாமலே ஆடிய கொம்பு உலகத்தில் அது ஒன்றுதான். ஆனாலும் பத்து நாளில் பழகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் ஏறிச் சுற்றிக்கொள்ளும். குளிர்ந்த, காய்ந்த, லேசான இறுக்கம். வியர்த்தது நான்தான்.

ஒவ்வொன்றாக மூன்று எலியும் வைத்தாயிற்று. அண்ணாச்சியே விதியை மீறிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டிக்குள் குனிந்து பார்த்தபடி நின்றால் எவனுக்குச் சோறு இறங்கும்? மூன்று எலியையும் மறுத்துவிட்டது. அன்றுதான் அண்ணாச்சி ஒரு பந்தயம் வைத்தார்.

"இவன் திங்கிற அன்னைக்கு நீ கைய நீட்டணும். சம்மதமா?"

மூன்று எலியை மறுத்த மகானை நம்பி நான் சந்தோஷமாகச் சம்மதித்தேன். அன்று முதல் தினமும் காலையில் பெட்டியைத் திறந்து, "இன்னைக்கும் உறுதியா இரு தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்.

அடுத்த வாரம் அவருக்கு மறுபடி மலைப்பக்கம் நாலு நாள் வேலை வந்தது.

"ஒன்ன நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். பொறியில எலி விழுந்தா குடு. ஒண்ணு மட்டும் மறக்காத. எலியத் தொட்ட கையோட அவனத் தொடாத. சோப்பு போட்டுக் கழுவணும்."

முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு கழித்தேன். இரண்டாம் நாள் அவனைக் கையில் எடுத்தபோது பாட்டு நின்றுவிட்டது. முதுகோரம் தோல் மடிந்து தளர்ந்திருந்தது. முன்புபோலச் சுற்றவில்லை, நனைந்த துண்டுபோலக் கிடந்தான். நானோ அன்று மூன்று வேளையும் சாப்பிட்டவன், நடுவில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வேறு. என் கையைக் காப்பாற்ற இவன் சாகவேண்டுமா? என்னைக் கேட்டால் சாகலாம் என்றுதான் முந்தின வாரம் சொல்லியிருப்பேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது இவனைத் தின்னவைத்தே தீர்வது என்று தீர்மானித்தேன். பயந்தவனுக்கு வைராக்கியம் வந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. இருந்த ஒரு பொறி போதாதென்று மூன்று பொறி இரவல் வாங்கித் தேங்காய்த் துண்டு சுட்டு வைத்தேன். எஸ்தராள் அக்கா இரண்டுதடவை மிதித்தாள்.

நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சபை கூடிக் கலைந்த நேரம். எலி கிடைத்தது. வெந்நீரில் போட்டுச் சூடேற்றினேன், வாலில் நூல் கட்டினேன். பெட்டியைத் திறந்தால், அக்கா மறுபடி பால் வைத்து அவன் மறுபடி கவிழ்த்திருந்தான். ஈரத்தில் கிடக்கிறானே என்று தூக்கப் போனேன். பக்கத்திலிருந்து, வயிற்றுக்கு அடியில், மரக்கொம்பாக. அண்ணாச்சி சொன்னது முழுவதும் ஞாபகத்தில் இருந்தது, சோப்பைத் தவிர.

கண்மூடித் திறப்பதற்குள் என் வலது கட்டைவிரல் அவன் வாய்க்குள் இருந்தது. மிச்ச உடம்பு மணிக்கட்டைச் சுற்றி இறுகியது. நான் முற்றத்துக்குப் பாய்ந்தேன்.

எஸ்தராள் அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! தின்னுதான் சாரே, தின்னுதான்!"

"அக்கா, அது எனக்க கையாக்கும்!"

கிணற்றைச் சுற்றி நான் மூன்றாவது சுற்று வரும்போது வாசலில் கறுப்புக் குடை தெரிந்தது. குடை கீழே விழுந்தது.

"ஏலே, இழுக்காத! இழுக்காத! பல்லு போயிரும்!"

"யாருக்க பல்லு அண்ணாச்சி?"

"அவனுக்க பல்லுலே! செறுபிள்ளைக்க பல்லு!"

என் கையைப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினார். பதினாறாம் வாய்ப்பாட்டில் பாதி வந்தபோது பிடி தளர்ந்தது. விரலைச் சுற்றி வரிசையாக இருபது இருபத்தைந்து சிவப்புப் புள்ளிகள். ஒரு ஊசிக்குப் பயந்து ஜன்னல் தாண்டியவனுக்கு ஒரே தவணையில் அத்தனையும் விழுந்துவிட்டன. உண்மையைச் சொல்லவேண்டும், எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது.

"வாய் வச்சிட்டான் பாத்தியா! இப்பத் திம்பான்" என்று அண்ணாச்சி அவனைப் பெட்டிக்குள் விட்டு, எலியை மறுபடி சூடாக்கி, இடுக்கியால் பிடித்து அவன் முன் ஆட்டி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "யாரும் மிண்டாதீங்க, சத்தம் கேக்கப்படாது."

மூன்று பேரும் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தோம். சோறு வேகிற நேரம் ஆயிற்று. அண்ணாச்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசல்படியிலேயே நின்றார். வயிற்றுக்கு நேரே கையால் ஒரு மேடு காட்டினார், அவ்வளவுதான்.

பிறகு என் விரலுக்கு டிஞ்சர் போட்டார். ஊசி வைத்திருக்கும் தகரப்பெட்டி பக்கத்திலேயே இருந்தது. பந்தயத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை. நான் இடது கைச் சட்டையை மேலே சுருட்டினேன்.

"குத்துங்க அண்ணாச்சி."

"ஏலே, கேலி காட்டாத."

"கேலி இல்ல. குத்துங்க."

அவர் ஊசியை எடுத்தார். ஓடுகிற கை, உதைக்கிற கை, கடிக்கிற பிள்ளையின் கை என்று ஆயிரம் கைகளைப் பார்த்த விரல்கள் என் புஜத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டன.

"ஆளு ஓடாம நின்னா எப்பிடிக் குத்தணும்னு எனக்குத் தெரியாது மக்கா" என்றார்.

நான் மரக்கொம்பாக நின்றேன். அன்று ஆடவில்லை.

அந்த வருஷம் வைசூரி எங்கள் தெருவுக்கும் வந்து, எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. பாம்பு வளர்ந்து பெட்டிக்குக் கொள்ளாமல் போனதும் அண்ணாச்சியே மலையில் கொண்டு விட்டார். கொஞ்ச நாளில் அவரையும் சர்க்கார் வடக்கே மாற்றிவிட்டது. கட்டைவிரலில் இருந்த பாம்பின் பல்தடம் ஒரு மாதத்தில் மறைந்தது. இடது புஜத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. குளிக்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகத் தேய்ப்பேன்.