அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன ஊசி

நோய்க்கிருமிகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஊசி என்றால் பயம் இருக்காது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. அருமனைப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் இப்போது அந்த நம்பிக்கை கிடையாது. அதை ஒழித்த பெருமை எனக்கே உரியது.

அப்போது நான் வெளிமாநிலத்தில் தடுப்பூசி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. குப்பியில் அடைத்த மருந்து சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்கும் பிரிவில் ஆகக் கடைசி ஆள். ஆனால் ஊருக்கு வந்தால், அந்த மருந்தையே நான்தான் கண்டுபிடித்தேன் என்கிற தோரணையில் நடப்பேன். (விடுமுறைக்கு வந்தால் இவள் தும்முவதுகூட ஆங்கிலத்தில்தான் என்று எட்வின் சித்தப்பா சொல்வார்.) ஊசி போட்டுக்கொள்வது மட்டும் வேறு விஷயம். கொரோனாவுக்கான முதல் ஊசியை நான் கம்பெனியில் படுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் பெண்ணின் கையை நசுக்கிக்கொண்டு போட்டிருந்தேன். இது ஊருக்குத் தெரியாது.

இரண்டாவது ஊசிக்கான நேரம் வந்தபோது ஊரில் இருந்தேன். அங்கே ஒருவரும் முதல் ஊசியே போட்டிருக்கவில்லை. மற்றவர்களை விடுங்கள், என் அம்மாவே போடவில்லை. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு. மழை வந்தால் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவாள். அவளுக்கு அந்த நோய் வந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

"இத்தற சீக்கிரமா கண்டுபிடிச்சது மருந்தா மக்கா? அவசரத்துல வச்ச கறி மாதிரில்லா இருக்கும்" என்றாள் அம்மா.

விலங்குகளிடம் சோதித்து, பிறகு கொஞ்சம் பேரிடம், அப்புறம் ஏராளமானவர்களிடம் என்று எல்லாப் படிகளையும் ஏறித்தான் வந்திருக்கிறது, ஒரே அடுப்பில் ஒவ்வொன்றாகச் சமைக்காமல் எல்லா அடுப்பையும் சேர்த்துப் பற்றவைத்ததால் சீக்கிரம் முடிந்தது என்று விளக்கினேன். அம்மா அசையவில்லை. கடைசியில் எங்கள் வீட்டு நாயைத் துணைக்கு இழுத்தேன்.

"களவாணியோட சட்டையை மட்டும் டைகருக்கு மோப்பம் காட்டுறோம்னு வச்சுக்கோ. நாளைக்கு அவன் நேர்ல வந்தா டைகர் விடுமா? ஊசியும் அதுதான். ரெண்டு நாள் காய்ச்சல் வந்தா, நாய் குரைக்குதுன்னு அர்த்தம்."

"நம்ம டைகரு களவாணியக் கண்டா வாலாட்டும். எனக்க ஒடம்பு அதவிட மடிச்சி, எழும்பக்கூட செய்யாது. போடி அங்க."

இப்படித்தான் எனக்கு அறுப்பின் பண்டிகை யோசனை வந்தது. அன்றைக்கு ஊரில் காய்த்தது, கனிந்தது, முட்டையிட்டது எல்லாவற்றிலும் ஒரு பங்கு சர்ச்சுக்குக் காணிக்கையாக வரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஊரின் இரு பாதிகளான மேலவிளையும் கீழவிளையும் கௌரவத்துக்காக மோதுவதில் ஒரு முட்டை கோழியின் விலைக்குப் போகும். எங்கள் வீடு மேலவிளை. ஏலம் விடுவது எட்வின் சித்தப்பா. கொரோனா கொஞ்சம் அடங்கியிருந்ததால் அந்த வருடம் பண்டிகைக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஊரே கூடும் இடம், இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று போதகரிடம் பேசினேன். சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் மருந்துப் பெட்டியோடு வந்து மாமரத்தடியில் மேசை போட்டார். குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் வீண்தான் என்று முன்கூட்டியே சொன்னார். மிஞ்சாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

சித்தப்பா ஒரு ஏத்தன் வாழைக்குலையை ஏலம் விட்டு முடித்ததும் மைக்கைப் பிடுங்கிப் பேச ஆரம்பித்தேன். வெள்ளை அணுக்கள், அவற்றின் நினைவாற்றல், எதிர்ப்புப் புரதங்கள் என்று எதையும் விடவில்லை. காணிக்கையாக வந்து காலில் கயிறோடு கிடந்த சேவல் ஒன்றுதான் இடையிடையே பதில் சொன்னது. கூட்டம் கலையத் தொடங்கியதைப் பார்த்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது.

"யாரும் பேடிக்க வேண்டாம். உங்க முன்னால நானே மொதல்ல போடுறேன்" என்று அறிவித்துவிட்டுப் போய் நாற்காலியில் அமர்ந்தேன். படுக்க வசதி இல்லை என்பது அமர்ந்த பிறகுதான் உறைத்தது. கூட்டம் முழுவதும் சூழ்ந்து நின்றது. அம்மாவும் முன்வரிசையில் நின்றாள். நர்ஸ் என் கையைத் துடைத்துவிட்டு ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது சேவலின் முகம்தான். மிக அருகில் இருந்தது. நான் நாற்காலியோடு சரிந்து, காணிக்கைக் குவியலில், மரச்சீனிக் கிழங்குகளுக்கும் பூசணிக்காய்களுக்கும் நடுவே விழுந்திருந்தேன்.

"ஊசி போட்ட ஒடனே பிள்ளைக்கு உயிர் போச்சே" என்று யாரோ அலறினார்கள். கூட்டம் அப்படியே பின்வாங்கியது. தாய்மார்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. இவர்கள் இப்போது வீட்டுக்குப் போனால் இனி எந்தக் காலத்திலும் ஊசிக்கு வரமாட்டார்கள். அம்மாவும் வரமாட்டாள். நானே கெடுத்துவிட்டேன். பூசணிக்காயின் மேல் தலைவைத்தபடி அழுதேன்.

அப்போது நர்ஸ் கையிலிருந்த ஊசியை உயர்த்திக் காட்டினார். "நான் இன்னும் குத்தவே இல்ல. மருந்து அப்பிடியே கெடக்கு. பஞ்சு வச்சுத் தொடச்சதுக்கே சாஞ்சிட்டாவ."

பிறகு ஊர் சிரித்தது பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வாசல்வரை போனவர்களும் சிரிப்பதற்காகத் திரும்பி வந்தார்கள். அந்த நேரத்தில்தான் எட்வின் சித்தப்பா மைக்கைக் கையில் எடுத்தார்.

"எங்க அண்ணனுக்க மகளுக்குத் தைரியம் இவ்வளவுதான். மருந்து செய்யத் தெரியும், போடத் தெரியாது. இப்ப நாற்காலி சும்மா கெடக்கு. மேலவிளை விழுந்தாச்சு. கீழவிளையில ஆளு உண்டா? ஒரு தரம்."

கீழவிளைப் பக்கம் முழங்கைகள் இடிபட்டன. செல்வபாய் அக்கா, போன வருடம் ஒரு சக்கைப்பழத்துக்காக அம்மாவோடு ஏலத்தில் மோதி ஜெயித்தவர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"ரெண்டு தரம்" என்றார் சித்தப்பா.

செல்வபாய் அக்கா காலை எடுத்து வைப்பதற்குள் என் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"நில்லு ஓய். மேலவிளை ஒண்ணும் விழல்ல. பிள்ளதான விழுந்தா, அவளுக்க அம்மை நிக்குதேன்."

அம்மா என்னைத் தாண்டி நடந்து (தாண்டி என்றால் உண்மையாகவே தாண்டி), நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். ஊசி இறங்கியபோது இமைகூட அசையவில்லை. பார்வை முழுவதும் செல்வபாய் அக்கா மேலேயே இருந்தது.

"மூணு தரம்" என்று சித்தப்பா கத்தியதும் முற்றமே கைதட்டியது. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. செல்வபாய் அக்கா, அவர் மருமகன், மேலவிளைக் கிழவர்கள், அவர்களிடம் தோற்க மனமில்லாத கீழவிளைக் கிழவர்கள் என்று வரிசை சர்ச்சு வாசலைத் தாண்டியது. படித்த பெண் பஞ்சுக்கே விழுந்தாள், நாங்கள் ஊசிக்குக்கூட விழவில்லை என்பது அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட வெற்றி. நான் சோடா குடித்து எழுந்து நின்றபோது மருந்துப் பெட்டி காலி. என் இரண்டாவது ஊசிக்கே மருந்து மிஞ்சவில்லை. வாழ்க்கையில் எனக்கு அதற்குமுன் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

பிறகு கோட்டாற்றில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துக்கொண்டு போட்டேன். போனில் சித்தப்பா ஒரு தரம், ரெண்டு தரம் என்று எண்ணினார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கு ஊசி போட்டாலும் மற்றவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். என் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட முதல் கேள்வியும் அந்தச் சேவலைப் பற்றியதுதான்.

இரண்டு ஊசியும் போட்டு சில மாதம் கழித்து அம்மாவுக்கு அந்த நோய் வந்தது. செய்தி கேட்டதும் லீவு கேட்டேன். லீவு கிடைக்காமல் ஆய்வகத்து மாடிப்படியில் உட்கார்ந்து போனும் கையுமாகக் கிடந்தேன். கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் அம்மாவே கூப்பிட்டாள். பின்னால் மீன்கறி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"மக்கா, களவாணி வந்தான் கேட்டியா. டைகரு கடிச்சு வெரட்டிற்று."

நான் அழுதுவிட்டேன்.

"என்னத்துக்குக் கரையுத? எங்கயாச்சும் பஞ்சு கண்டியா?" என்றாள் அம்மா.