இஞ்ஞாசி கிளாக்கரின் பூமியதிர்ச்சி

வாசகரே, ஆட்டிப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சுனாமி வந்த பிறகு இலங்கை மலைநாட்டு மாத்தளையில் இந்த இனம் கண்டபடி பெருகிவிட்டது. கடலே எழும்பி வந்தபின் பூமி மட்டும் சும்மா இருக்குமா? யார் வீட்டு வாசலிலாவது மணலும் கம்பியும் இறங்கினால் போதும், கேட்காமலே வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டி, அண்ணாந்து பார்த்து, "ம்ஹூம்" என்பார்கள். அந்த ஒரு "ம்ஹூம்" போதும், வீட்டுக்காரர் மேஸ்திரியைத் தேடி ஓட.

இந்த இனத்தின் திலகம் அலுவிகாரை இஞ்ஞாசி கிளாக்கர், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுத் திரேசம்மா மகளின் கல்யாணத்துக்காக மாடியில் ஓர் அறை எழுப்பினாள். மணமக்கள் குடியிருக்க வேறு இடமில்லை. கட்டட மேஸ்திரி மக்கீன் பாஸ் கொங்கிரீட் தூணின் தலையில் நாலு போல்ட் பதித்து, இரும்பு பீமை ஏற்றி முடுக்கினார்.

"நல்லா இறுகட்டும். ஒரு கிழமைக்கு யாரும் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொடாமல் இருந்தால் அது அந்த இனமா?

விடிந்ததும் கிளாக்கர் ஏணியில் நின்றார். "திரேசம்மா, நெலம் ஆடினா தூண் ஒரு பக்கம் போகும், பீம் ஒரு பக்கம் போகும். உசிரே இந்த மூட்டுலதான் இருக்கு!"

சொன்னது உண்மை. அதுதான் இவர்களிடம் உள்ள பெரிய தொல்லை.

"இப்ப நான்தான் பூமியதிர்ச்சி. பாத்துக்கங்க!"

பீமைக் கட்டிப்பிடித்து இடமும் வலமும் உலுக்கினார். மூன்று நாளில் ஏழு அதிர்ச்சி, ஏழு பிளேன்டீ. எட்டாவதில் லொடக்! இறுகாத கொங்கிரீட்டிலிருந்து நாலு போல்ட்டும் பீமோடு கழன்று வந்தன.

"பாத்தீங்களா? மூட்டு சரியில்லன்னு சொன்னேன்ல!" என்றார் கிளாக்கர், ஆனந்தமாக.

"பூமி எங்கய்யா ஆடுச்சு? நீங்கதானே ஆடுனீங்க! எம்புள்ளைய எங்க குடி வைப்பேன்?" திரேசம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த கையோடு மணமக்களின் பெட்டி, பாய், அலுமாரி எல்லாவற்றையும் கிளாக்கரின் முன்னறையில் இறக்கிவிட்டாள். அனுமதி கேட்கவில்லை. கிளாக்கர் இப்போது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கிறார். அங்கேயும் அண்ணாந்து பார்த்து "ம்ஹூம்" என்கிறாராம்.

சிரிக்கிறீர்களா? சற்றுமுன் நீங்களும் மேலே நிமிர்ந்து உங்கள் வீட்டு விட்டத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன். பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஏணியை இருந்த இடத்திலேயே வையுங்கள்.